பொய்க் கம்ப்ளெய்ன்ட்

கையில் பிடித்திருந்த மோட்டார் நழுவிக் கீழே விழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தபோது டெஸ்டர் மேசையோரம் நின்று தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வலி இல்லை, பயமும் இல்லை. யாரோ செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டவரின் முகம் அது.

"என்னாச்சுங்க?"

"நழுவிடுச்சு."

"கால்ல விழுந்துச்சா?"

"கால்ல விழல. இந்தக் கை... இது என்னமோ..." என்றவருக்கு மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. நாக்கு தடித்துப்போய் ஏதோ குழறினார்.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பாதி உள்ளே போனது, பாதி கடைவாய் வழியாகச் சட்டையில் வழிந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். கை மெல்ல உயிர் பெற்று வந்தது. விரல்களை மடக்கினார், நீட்டினார். தெளிவாகப் பேச வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மோட்டார்ல எண்ணெய் தடவி வெச்சது யாரு?"

டெஸ்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு எப்போதும் ஒரு லைன் டெஸ்டர் இருக்கும். மெயின் சுவிட்சை அவரே அணைப்பார், அவரே பெட்டியைப் பூட்டுவார், சாவியையும் அவரே வைத்துக்கொள்வார். அதன் பிறகும் ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்துத்தான் தொடுவார். அதையாவது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் என்று விட்டுவிடலாம். பஸ் கிளம்பும் நேரத்தை ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் கேட்பார். செய்தித்தாளில் சாவுச் செய்தி வந்திருந்தால் அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் செத்ததை ஒப்புக்கொள்வார்.

வீட்டின் முன்னறையில்தான் மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டார் வந்தால் கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே கம்பி உட்காரும் பள்ளங்களான காடிகளைச் சுரண்டித் துடைத்து, காடிக்குக் காடி காகிதம் செருகி, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி உள்ளே இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். சுற்றுவது அவள் வேலை. இறக்குவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அவள் சுற்றிக் கொடுத்த காயிலை அவர் மறுபடி ஒருதரம் எண்ணாமல் இறக்கியதில்லை. ஒருநாளும் ஒரு சுற்று கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. எண்ணிக்கொள்ளட்டும், எண்ணினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவர் என்ன சொல்லியும் கேட்காமல் தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பிக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. வருகிறவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோய் விடுவது, கதவைத் திறப்பது, மூடுவது. ஆனாலும் பத்து வருஷமாக அதே வேலை பார்த்தால் காதில் நாலு விஷயம் விழாமலா இருக்கும். "அக்கா, இதைச் சும்மா விடாதே. இன்னைக்கே கூட்டிட்டு வா," என்றான். சாயங்காலம் அவனே வண்டி பிடித்துக்கொண்டு வந்தும்விட்டான்.

ஸ்கேன் அறையில் டெஸ்டரைப் படுக்கவைத்துக் கழுத்தை ஒருபக்கம் திருப்பச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் வழவழவென்று எதையோ தடவி, சின்னக் கட்டை ஒன்றைக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். பக்கத்துத் திரையில் சாம்பல் நிறத்தில் புகைமூட்டம். நடுவே சிவப்பும் நீலமும் துடித்தன. பெட்டிக்குள்ளிருந்து உஸ் உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"இது என் கழுத்துதான்னு எப்படி நம்பறது?" என்றார் டெஸ்டர், படுத்தபடியே.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "எச்சில் விழுங்குங்க சார், தெரியும்." விழுங்கினார். படம் மேலேறி இறங்கியது. இன்னொருதரம் விழுங்கிப் பார்த்தார். அப்போதும் அசைந்தது. அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

அந்த இடத்து டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து நிதானமாகவே சொன்னார். "கழுத்துல வலது பக்கம் மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல எழுபத்தஞ்சு சதவீதம் அடைப்பு. கொழுப்பு படிஞ்சிருக்கு. கெட்டியா இருந்தாக்கூடக் கொஞ்சம் நிம்மதி. இது மெத்துனு இருக்கு, மேல்பக்கம் புண்ணாட்டம் வெடிச்சிருக்கு. அதுலேருந்து ஒரு துணுக்கு பிஞ்சு மேல போச்சுன்னா பக்கவாதம்தான். இன்னைக்கு வந்துட்டுப் போனது முன்னோட்டம். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போடாம ஆபரேஷன் பண்ணி அதை எடுத்தாகணும்."

வீட்டுக்கு வந்ததும் டெஸ்டர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேசை விளக்கைப் போட்டு ரிப்போர்ட்டை விரித்தார்.

"இங்க வா. எந்தக் கை நழுவிச்சு?"

"இடது கை."

"இதுல என்ன போட்டிருக்கு?"

"வலது பக்கம்னு."

"இடது பக்க லைட் எரியலன்னா எவனாவது வலது பக்க ஒயரை அறுப்பானா?"

கரண்டு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உடம்பு மட்டும் வேறு மாதிரியா இருக்கும்.

"இன்னொண்ணு பாரு. வயசு அம்பத்தேழுன்னு போட்டிருக்கான். எனக்கு என்ன வயசு?"

"அம்பத்துநாலு."

"அவ்வளவுதான். இது எவனோ அம்பத்தேழு வயசுக்காரனோட கழுத்து. நான் எச்சில் முழுங்கினப்ப அசைஞ்சது என் கழுத்து. பேப்பர்ல அச்சானது அவன் கழுத்து."

மறுநாள் காலையில் தம்பி வந்து நின்றான். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த டெஸ்டர் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாமா, கிளம்புங்க. எங்க டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காரு."

"சொல்லியிருக்காரா? எதுக்குச் சொல்லணும்? எனக்கும் அவருக்கும் என்ன ஒட்டா உறவா?"

"அவசரம்னுதான் மாமா."

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். இடது கை நழுவினா எப்படி வலது பக்கம் அடைப்பு வரும்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அது அப்படித்தான் மாமா வரும். நிறைய பேருக்குப் பாத்திருக்கேன்."

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

"எனக்குச் சொல்லத் தெரியல மாமா. ஆனா அப்படித்தான் வரும்."

"வயசு ஏன் தப்பா இருக்கு?"

"கவுன்டர்ல தட்டின பொண்ணு தப்பாத் தட்டியிருக்கும்."

"வயசைத் தப்பாத் தட்டுவா, அடைப்பை மட்டும் சரியாத் தட்டுவாளா? ஒரு ஆளைக் கொண்டுபோய் விட்டா உனக்கு என்ன கிடைக்கும், அதைச் சொல்லு."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. அக்காவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏனென்றால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவளுக்கும் அவன்மேல் சந்தேகம் தட்டியிருந்தது. போன வருஷம் அவன் பேச்சைக் கேட்டு வாங்கி மாட்டிய தண்ணீர் வடிகட்டி மூன்றாம் மாதமே மூச்சை நிறுத்தியது. விற்றவன் அவனுடைய சிநேகிதன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக்கூடாது என்று புத்தி சொன்னது, மனசு போட்டுவிட்டது. கூடப்பிறந்தவன் வாசலில் செருப்பை மாட்டுகிற சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் டெஸ்டர் போட்டுக்கொண்டார். அதுவும் இரண்டு மருந்துக்கடையில் தனித்தனியாகக் கேட்ட பிறகு.

அந்த வாரம் முழுக்க மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வார்னிஷ் காயவில்லை. முடித்த மோட்டார்களை வரிசையாக பல்புக்குக் கீழே வைத்துச் சூடு காட்டினார்கள். முன்னறை முழுக்க அந்த நெடிதான். சோற்றிலும் அதே நெடி அடித்தது. அவள் கம்பி சுற்றினாள், அவர் எண்ணினார், இறக்கினார். ஆனால் அவள் கண் அவர் கையை விட்டு நகரவில்லை. முன்பெல்லாம் வலது கை கம்பியைத் தள்ளத் தள்ள, இடது கை அதைக் காடிக்குள் வாங்கிப் படியவைக்கும், பார்க்கவே அழகாக இருக்கும். இப்போது இடது கை ஒரு கணம் யோசித்தது. கம்பி பிசகி வெளியே வந்தது. "பேப்பர் சரியா வெட்டலை நீ," என்றார். இன்னொருதரம் பிசகியது. "கம்பி மட்டம். கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார். சட்டைப் பொத்தான் போடும்போது தைத்தவனைத் திட்டினார். ஊரில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோர் மேலும் குற்றம் இருந்தது, அந்தக் கையைத் தவிர.

அடுப்படியில் இருக்கும்போது முன்னறையில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். இவர் வாய் கோணி, கை சுருண்டு, ஒரு கட்டிலில் கிடந்து தன்னைப் பார்த்து ஊமையாக விழிப்பதை நினைத்துப் பார்ப்பாள். அப்போது இந்தச் சந்தேகத்தை எல்லாம் வாய் திறந்து சொல்லக்கூட வழி இருக்காது. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டும்விட்டாள்.

"ஒருவேளை நெஜமா இருந்தா என்னங்க பண்றது?"

"நெஜமா இல்லையான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு," என்றார் அவர். முட்டையைப் பிட்டுச் சோற்றில் பிசைந்தார். "பொய்க் கம்ப்ளெய்ன்ட் கொடுக்கப் போறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வைண்டிங் தொழிலில் அவர் அந்த வட்டாரத்துக்கே கற்றுக்கொடுத்த வித்தை அது. ஒரு மெக்கானிக் யோக்கியனா என்று பார்க்க வேண்டுமானால், பேரிங் மட்டும் தேய்ந்த மோட்டாரை எடுத்துப் போய், "காயில் எரிஞ்சுபோச்சு, பாருங்க," என்று கொடுப்பார். "எரியலையே, பேரிங்தான் போயிருக்கு," என்பவன் யோக்கியன். காயிலை மாற்றினேன் என்று தலையில் கட்டுகிறவன் திருடன். இப்படியே ஏழெட்டுப் பேரைப் பிடித்திருக்கிறார். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு.

"ஊரோட அந்தக் கோடியில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. உன் தம்பியோட காத்துகூட அங்க அடிக்காது. இந்த ரிப்போர்ட்டைக் காட்டப் போறதில்லை. வலது கை நழுவிச்சுன்னு சொல்லப் போறேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம். நீ மட்டும் வாயைத் தொறக்கக் கூடாது."

"டாக்டர்கிட்டப் போய்ப் பொய் சொல்லலாமாங்க?"

"மோட்டாரைத் தொறந்து பாக்கத் தெரிஞ்சவனுக்கு நான் என்ன சொன்னா என்ன?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. அவர் பேசினால் எல்லாமே சரியாகத்தான் படும். அதுதான் அவரோடு குடும்பம் நடத்துவதில் இருக்கிற கஷ்டம். இடையில் தம்பி தினமும் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கிளம்பிப் போனார்கள். முதலில் ஒரு சின்ன டாக்டர் விசாரித்தார். வலது கை, பத்து நிமிஷம், தானாகச் சரியாகிவிட்டது என்று டெஸ்டர் ஒப்பித்தார். "என் விரலை இறுக்கிப் பிடிங்க," என்றார் சின்ன டாக்டர். டெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இறுக்கினார். "போதும் சார், விட்டுடுங்க," என்று சின்ன டாக்டர் தன் விரலை உதறிக்கொண்டு எழுதிக்கொண்டார். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடியும் அதே புகைமூட்டம், அதே உஸ் உஸ். பிறகு பெரிய டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்பினார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி டெஸ்டரின் கழுத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு வலது பக்கக் குழாய்ல முக்கால்வாசி அடைப்பு இருக்கு. பாக்கறதுக்கு நல்லதாவும் இல்லை, மெத்துனு புண்ணாட்டம் இருக்கு. ஆனா இதுக்கும் உங்க கைக்கும் சம்பந்தமில்லை."

டெஸ்டர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூளையோட வலது பாதி இடது கையை ஆட்டிவைக்குது. இடது பாதி வலது கையை. உங்களுக்கு நழுவினது வலது கை. அப்ப கோளாறு இடது பாதியில. அந்தப் பக்கக் குழாய் சுத்தமா இருக்கு. அதனால வலது பக்கம் இருக்கறது பேசாமக் கிடக்கற அடைப்பு. அதுக்கு இப்பவே கத்தி வைக்கணும்னு இல்லை. மாத்திரை தரேன். இதயத்தைப் பாத்துடலாம், அங்கேருந்து ஏதாவது ரத்தக்கட்டி வந்திருக்கலாம். இந்தக் கழுத்துக்கு ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்."

"அப்ப ஆபரேஷன் வேண்டாம்," என்றார் டெஸ்டர். அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பார்த்தாயா உன் தம்பி லட்சணத்தை என்று அந்தப் புருவம் கேட்டது.

அவள் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வலது பாதி இடது கையை. அப்படித்தான் வரும் மாமா. தலையைச் சொறிந்துகொண்டு நின்ற தம்பியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"டாக்டர், இடது கையா இருந்தா?" என்று கேட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

"இடது கையா இருந்தா வேற பேச்சே இல்லைம்மா. இந்நேரம் படுக்கையில போட்டிருப்பேன். இந்த அடைப்புதான் அதைச் செஞ்சதுன்னு அர்த்தம். எப்ப வேணா அடுத்தது வரும், பெருசா வரும். ஏன் கேக்கறீங்க?"

மேசைக்குக் கீழே டெஸ்டரின் செருப்பு அவள் கால்மேல் ஏறி அழுத்தியது. அவர் கண்களைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பார்த்த கண்கள். இவர்களும் பேசிவைத்துக்கொண்டார்கள், ஊரின் இந்தக் கோடி வரைக்கும் அவள் தம்பி சொல்லி வைத்துவிட்டான் என்றுதான் அந்தக் கண்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "இடது கைதான் டாக்டர். இவர் மாத்திச் சொல்றாரு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "என்ன சார் இது?"

"பயத்துல உளறுறா டாக்டர். வலது கைதான். என் கை எதுன்னு எனக்குத் தெரியாதா? இவ எனக்கு எதிர்ல நின்னு பாத்தா. எதிர்ல நின்னு பாத்தா எல்லாமே மாறித்தானே தெரியும்."

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாயின்ட். டாக்டரம்மாவே ஒரு கணம் யோசித்தார். இவ்வளவு ஏன், அவளுக்கே ஒரு வினாடி ஆட்டம் கண்டுவிட்டது. எதிரில்தானே நின்றோம். இடது எது, வலது எது. மனசுக்குள் அந்த மேசையை, ஸ்டூலை, தண்ணீர் வழிந்த கடைவாயை மறுபடி கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டின புருஷனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

"இடது கைதான்," என்றாள் மறுபடியும். "என் தம்பி கொண்டுபோன இடத்துல முதல்லயே ஸ்கேன் எடுத்தாச்சு. அவங்களும் வலது பக்கம் அடைப்புன்னுதான் சொன்னாங்க. நம்பாம உங்களைச் சோதிக்க வந்திருக்காரு."

"நீயும் அவனோட சேந்துட்டியா," என்றார் டெஸ்டர், அடிக்குரலில்.

டாக்டரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவருக்கும் பிடிபடவில்லை. கோபம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"சரி. நீங்க சொல்றதும் வேண்டாம், அவங்க சொல்றதும் வேண்டாம். கண்ணை மூடிக்குங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் அப்படியே வைங்க."

இதில் என்ன சூது இருக்கிறது என்று டெஸ்டர் யோசித்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக் கைகளை நீட்டினார்.

இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள், எண்ணித்தான் பழக்கம். நாலு வரைக்கும் ஒன்றுமில்லை. ஐந்தில் இடது கையின் சுண்டுவிரல் விலகியது. ஏழில் உள்ளங்கை உள்பக்கம் சாய்ந்தது. பிறகு அந்தக் கை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.

"நல்லாப் பாத்துக்குங்க டாக்டர்," என்றார் டெஸ்டர், கண்ணை மூடியபடியே. "ரெண்டும் ஒரே மட்டம்."

கை இன்னும் இறங்கியது. அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து ஒரு எட்டு எடுத்துவைத்துத் தன் உள்ளங்கையை அதற்குக் கீழே நீட்டினாள். அது வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "ஏன் என் கையை இழுக்கறே?"

"நான் இழுக்கலங்க."

"பின்ன எப்படிக் கீழ வரும்? தள்ளிப் போ. செவுத்துகிட்டப் போய் நில்லு."

அவள் போனாள். முதுகு சுவரில் படும் வரைக்கும் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டெஸ்டர் டாக்டரம்மாவையும் பார்த்தார். அவரும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அறைக்கதவு மூடியிருக்கிறதா என்றும் டெஸ்டர் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு, யாரும் சொல்லாமலேயே, மறுபடி கண்ணை மூடிக் கைகளை நீட்டினார்.

இந்தத் தடவை அவரே வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. குரலில் துளி நடுக்கம் இல்லை. எட்டு என்று சொன்னவர் ஒன்பது சொல்லாமல் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

வலது கை வைத்த இடத்தில் இருந்தது. இடது கை முழங்காலுக்கு ஒரு சாண் உயரத்தில் கவிழ்ந்து தொங்கியது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தூக்கினார். பார்த்துக்கொண்டே இருக்கும்வரை நின்றது. டாக்டரம்மா நாற்காலிக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். முதலில் எழுதியதை அடித்தார்.

"எந்தக் கை சார்?"

டெஸ்டரின் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. "இடது," என்றார்.

டாக்டரம்மா போனை எடுத்துப் படுக்கை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். அவள் அசையாமல் சுவரோரமே நின்றுகொண்டிருந்தாள். டெஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

"வா," என்றார். "வந்து பிடிச்சுக்க."